ஆறே முக்காலுக்குப் புறப்பட்டவர்

விபத்து அறிக்கையின் அந்த வரியை அவள் முதன்முதலாகப் படித்தது, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு. 'பணியாளர் வீட்டிலிருந்து தாமதமாகப் புறப்பட்டு, நெடுந்தொலைவு விரைந்து நடந்து வந்த பதற்றத்தில், பாதுகாப்புப் பட்டையை அணியத் தவறியுள்ளார்.' இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படித்து முடிப்பதற்குள் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடந்த தலையணை உறை கருகி நாறியது.

பணியாளர் என்று எழுதியிருந்தது அவள் கணவரை. சாரம் கட்டுகிறவர். ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் பழைய பேராலயத்தின் கோபுரத்தைப் பழுதுபார்க்க ஒரு வருஷமாகச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு வாரத்துக்கு முன்னால் மூன்றாவது தட்டிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்து, இப்போது முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'கடிகாரம்'. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நேரம் தவறிப் போனதில்லை. அந்த மனிதரைப் பார்த்துத்தான் தாமதம் என்று எழுதியிருந்தார்கள்.

அதைவிட அவள் வயிறு எரிந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. கணவருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது, வராந்தாவில் ஒரு ஆள் கையில் காகிதத்தோடு வந்து, "அன்னிக்குக் காலைல எத்தனை மணிக்குக் கெளம்பினாரும்மா?" என்று தன்மையாகக் கேட்டான். "ஆறே முக்காலுக்கு, எப்பவும் போல" என்று அவள்தான் சொன்னாள். 'எப்பவும் போல' என்பதை அந்த ஆள் எழுதிக்கொள்ளவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்தே தன் புருஷன் தலையில் பழியைக் கட்டிவிட்டார்களே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது.

"விட்டுத் தொலை" என்றார் கணவர், கட்டிலில் கிடந்தபடி. "எழுதினது எழுதினதுதான். நீ போய்க் கத்தினா எலும்பு கூடிடுமா?"

"எலும்பு தானா கூடும். இது கூடாது" என்றாள்.

பாதுகாப்பு அலுவலகத்துக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை கதவருகிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை மனு எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போய், அறிக்கை எழுதிய அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றாள். வராந்தாவில் வந்து கேட்ட அதே ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். பூசினாற்போன்ற உடம்பு, பளபளக்கும் ஷூ.

"நெடுந்தூரம்னு எழுதியிருக்கீங்களே சார், எவ்வளவு தூரம்?"

அவன் கோப்பைப் புரட்டினான். "ஏழு கிலோமீட்டர். பாலம் சுத்தி வரணும். நடந்தா எப்படியும் ஒண்ணர மணி நேரம் ஆகும். எட்டு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்குக் கெளம்பினா எப்படிம்மா?"

"அவர் பாலம் சுத்திப் போனார்னு யார் சொன்னது?"

"வரைபடத்துல அந்த ஒரு வழிதாம்மா இருக்கு."

"நடந்து பாத்தீங்களா?"

அறையிலிருந்த மற்ற மேஜைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். பதில் வரும்வரை நகரப் போவதில்லை என்பதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து, வியாழக்கிழமை வருவதாக அவன் ஒப்புக்கொண்டான்.

வியாழக்கிழமை சரியாக ஆறே முக்காலுக்கு அவள் வீட்டு வாசலிலிருந்து இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். தெருமுனையில் அவன் பெரிய சாலைப் பக்கம் திரும்பினான். அவள் நேரே இறங்கி, இரண்டு மதில்களுக்கு நடுவிலிருந்த சந்துக்குள் நுழைந்தாள். கணவர் தினமும் போகிற வழி; காட்டோரம்வரை அவளும் வந்திருக்கிறாள். சந்து முடிகிற இடத்தில் ஆறு.

கரையை ஒட்டி ஒற்றையடிப் பாதை. இரவில் பெய்த மழையில் மண் ஊறிக்கிடந்தது. நாணலுக்குள் ஏதோ பறவை படபடத்து எழுந்து போனது. பத்து நிமிஷத்தில் தடுப்பணை வந்தது. அதன் மேல் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சிமெண்டுத் திட்டும் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியும் உண்டு. கீழே தண்ணீர் சோவென்று விழுந்துகொண்டிருந்தது.

"இது வரைபடத்துல இல்லையே" என்றான் அதிகாரி.

"ஆத்துல இருக்கே" என்றாள் அவள். திரும்பிப் பார்க்காமல் கடந்தாள்.

அக்கரையில் காடு. சரிவில் நெருக்கமாக வளர்ந்த மரங்கள். காலையின் வெளிச்சம் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக விழுந்தது. அவன் ஷூ ஒரு இடத்தில் கணுக்கால்வரை புதைந்தது. பிடுங்கி எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்ல அழகான இடம்மா. எங்க வீட்ல உள்ளவங்களக் கூட்டிட்டு வரலாம்" என்றான்.

"அழகு பாக்கவா உங்களைக் கூப்பிட்டேன்?"

கொஞ்ச தூரம் போனபின், தனக்குத்தானே சொல்வதுபோல், "அந்த வாரம் பதினோரு அறிக்கைம்மா. ஒவ்வொண்ணுக்கும் நேர்ல போக முடியுமா?" என்றான்.

"விழுந்தவன் ஒவ்வொருத்தனும் நேர்லதான சார் விழுந்தான்?"

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நின்றுவிட்டான். முகம் சிவந்திருந்தது. "எல்லாத்தையும் நானே இட்டுக்கட்டின மாதிரி பேசாதீங்க. உங்க வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அவசரத்துல பட்டை மாட்ட மறந்துட்டேன்னு வாக்குமூலம் குடுத்திருக்காரு. மேஸ்திரிதான் கொண்டுவந்து குடுத்தாரு, கோப்புல இருக்கு."

பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வாரம். மலத் தட்டை எடுத்துக் கழுவியிருக்கிறாள், முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போட்டிருக்கிறாள், ராத்திரி வலியில் அவர் முனகும்போது கூடவே விழித்திருந்திருக்கிறாள். இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர். 'விட்டுத் தொலை' என்று சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாளும் அதிகாரியின் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே திரும்பிக் கட்டிலில் கிடந்தவர் மேல் பாய்ந்தது. இந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால், உடைந்த இடுப்பென்றும் பார்த்திருக்க மாட்டாள்.

"திரும்பிடலாமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான் அவன்.

"நடங்க" என்றாள்.

காடு முடிந்ததும் பேராலயம் திடீரென்று எதிரே எழுந்து நின்றது. எண்ணூறு வருஷத்துக் கல், மழையில் கறுத்துக் கிடந்தது. கோபுரத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களும் பலகைகளும் தட்டுத் தட்டாக ஏறிப் போயின. அவள் மூன்றாவது தட்டுவரை எண்ணி நிறுத்தினாள். கணவர் வேலை செய்த இடத்தை அதுவரை அவள் பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. முன்வாசலில் யாரோ படி பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு நாற்பது. நடக்கத் தெரியாத அவன் வந்ததற்கே இருபது நிமிஷம் மிச்சம்.

"இதத்தான் தாமதம்னு எழுதினீங்க" என்றாள்.

அவன் சாமான் கொட்டகைக்குள் போனான். அவளும் பின்னாலேயே போனாள். சுவரில் ஆணிகள் வரிசையாக அடித்திருந்தன. ஆறு ஆணி. நான்கில்தான் பட்டைகள் தொங்கின. வெளியே வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி அவர்களை எண்ணினான். மேலே ஏறப்போகிறவர்கள் ஆறு பேர்.

மேஸ்திரி ஓடிவந்தார். தலை நரைத்த, கனத்த மனிதர். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "தங்கச்சி, நீ எங்கம்மா இங்க?"

"மீதி ரெண்டு பட்டை எங்க?" என்று அதிகாரி கேட்டான்.

"பிஞ்சு போச்சு சார். கேட்டிருக்கோம். வந்துரும்."

"எப்பலேர்ந்து?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "நாலு மாசம் இருக்கும்."

"அப்ப அவர் விழுந்த அன்னிக்கும் நாலுதான் இருந்துச்சு" என்றாள் அவள். "நீங்கதான அண்ணே அவர்கிட்ட கையெழுத்து வாங்கினது?"

"வேலைய நிறுத்திடுவாங்கம்மா. ஆறு குடும்பம். அவன்கிட்டச் சொன்னேன், புரிஞ்சுக்கிட்டான்."

"அவர் புரிஞ்சுக்குவார். அதுக்குத்தான் அவர்கிட்டப் போனீங்க, என்கிட்ட வரல. இன்னிக்கும் ரெண்டு பேர் வெறும் உடம்போட ஏறப்போறாங்க. அவங்க பொண்டாட்டிங்ககிட்டயும் இதத்தான் சொல்வீங்களா?"

அதிகாரி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, கொட்டகை வாசலில் நின்றபடியே எழுதினான். பட்டைகள் வந்து சேரும்வரை யாரும் சாரத்தில் ஏறக் கூடாது. மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டார். அறிக்கையை மாற்ற என் ஒருவனால் முடியாது, மறுவிசாரணைக்கு எழுதுகிறேன், அங்கே உங்கள் வீட்டுக்காரர் வந்து வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

அவள் திரும்பி நடந்தபோது, வேலைக்காரர்களில் ஒருவன் அவள் காதில் விழும்படியே, "புருஷன் விழுந்தான், இவ நம்ம எல்லாரையும் தள்ளிவிட்டா" என்றான். அவள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ உயிரோட இருந்து திட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கதவு சாத்திய சத்தத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சேறு அப்பிய காலோடு கட்டிலுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஏன் போட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு நாலும் எனக்கு முன்னாடி ஏறினவங்க எடுத்துட்டாங்க. எனக்கு மாட்ட ஒண்ணும் இல்ல. இல்லன்னு சொல்லிட்டுக் கீழயே நின்னிருக்கலாம். நிக்கல. அந்த வெக்கத்துல போட்டுட்டேன்."

அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

"வெக்கப்பட வேண்டியவன் அத்தனை பேரும் அங்க நிமிந்து நிக்கிறான். இத நீங்க விசாரணைல வந்து சொல்லணும். உக்கார முடியலைன்னா படுத்தபடியே தூக்கிட்டுப் போவேன்."

"சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னதை நம்பினாள். ஆனாலும் இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மருந்தைக் கொடுத்தாள், புரட்டிப் போட்டாள், சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் அவரை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதைப் பிரித்து, அவர் நெஞ்சின் மேல் வைத்து, "சத்தமாப் படிங்க" என்றாள்.