அடுப்பாண்ட முக்காலி

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆஜரானவர்கள் ஐந்து பேர். இடம், திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் பிரேமகுமாரியின் இட்லிக் கடை. வாசலைப் பார்த்த மேசையில், ஐந்து கடைச் சங்கத்தின் நோட்டோடு பிரேமகுமாரி. சுவரோர பெஞ்சின் உள்கோடியில், அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் நடுவில், பிரியாணிக் கடை ரசூல். அதே பெஞ்சின் வெளிக்கோடியில் டீக்கடை துர்கா; அவள் எழுந்து வழிவிட்டால்தான் ரசூல் வெளியே வர முடியும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சாப்பாட்டு மெஸ் ஜெயப்பிரகாஷ். அடுப்பாண்ட முக்காலியில் பரோட்டாக் கடை நேசகுமார், பிரேமகுமாரியின் தம்பி. சாயங்கால பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "டேய், நீ அங்க குந்திக்கினு எண்ணெயைப் பாத்துக்கோ" என்று அவனை அங்கே உட்கார வைத்தது அவள்தான்.

மெயின் ரோட்டில் மூன்று மாடி ஏசி ஓட்டல் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மலைக்கு வருகிற பஸ்ஸெல்லாம் அதன் வாசலில்தான் நின்றன. சந்தில் ஐந்து கடையும் ஈ ஓட்டியபோது பிரேமகுமாரி ஒரு வழி சொன்னாள். ஆளாளுக்கு எல்லாவற்றையும் செய்து எல்லாவற்றிலும் தோற்பானேன்? அவரவர் கைக்கு வந்ததை மட்டும் அவரவர் செய்வது. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ஐந்து கடைப் பண்டமும் அந்த இலைக்கு வந்து சேரும். கிருத்திகை நாளில் ரசூல் தானாகவே அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மற்ற நாலு கடைக்கும் தண்ணீர் சுமப்பான். இட்லிக்கு ஜெயப்பிரகாஷ் புளிச்சக்கீரையில் அரைக்கிற கோங்குரா துவையலை வைத்ததும் சித்தூர்க்காரர்களும் புத்தூர்க்காரர்களும் சந்தைத் தேடிவர ஆரம்பித்தார்கள்.

பெரிய ஓட்டலுக்கு அது பொறுக்கவில்லை. ஆள் பிடிக்க வைத்திருந்த தடியன்கள் நேசகுமாரை பஸ் ஸ்டாண்டிலேயே போட்டு மிதித்தார்கள். முன்பல் ஒன்று போய், பேசினால் காற்று வந்தது. அதற்கும் சந்து அசையவில்லை. பிறகு மூன்று வாரமாக, சொல்லி வைத்தாற்போல், ஒரு பஸ் ஆளும் உள்ளே வரவில்லை. ஏன் என்று பேசத்தான் இந்தக் கூட்டம்.

"டிரைவர் என்னாண்டயே சொன்னான்," என்றாள் துர்கா. "பாய் கடை அண்டாத் தண்ணியிலதான் அந்தச் சந்துல இட்லி வேகுதாமேன்னு கேக்கறான். யார்ரா சொன்னதுன்னேன். மெஸ்காரர்னான்."

எல்லோரும் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

"ஆங், சொன்னேன். இன்னாத்துக்கு மறைக்கணும்? ஒண்ணாந்தேதியிலேர்ந்து பெரிய ஓட்டல்ல கிச்சன் எம் பொறுப்பு. இந்தச் சந்து தேறாது."

"கிருத்திகைக்கு உன் கடைக்கும் நான்தானே தண்ணி தூக்கினேன்," என்றான் ரசூல். "அந்தத் தண்ணியா ஜெயப்பிரகாஷ்?"

"பாய், நீங்க சும்மா இருங்க." ஜெயப்பிரகாஷ் அடுப்புப் பக்கம் திரும்பினான். அவன் வீட்டில் தெலுங்கு. அவன் அக்காள் கவிதாவைக் காதலித்துக் கட்டியவன் நேசகுமார். அக்காள் புருஷனுக்குத் தெலுங்கு முறை பாவா. "இன்னா பாவா மொறைக்கிறீங்க? மிச்சப் பல்லும் ஆடுதா? வாங்க, அங்க தட்டு கழுவ சேத்து விடறேன்."

பிரேமகுமாரி நோட்டில் 'தட்டு' வரைக்கும் எழுதியிருந்தாள்.

நேசகுமார் எழுந்தான். நீளக் கரண்டி எண்ணெயில் இறங்கி மேலே வந்தது. ஜெயப்பிரகாஷின் முகத்தில் சிரிப்பு போவதற்குள் எண்ணெய் போய் விழுந்தது. கன்னத்துத் தோல் பால் ஆடை மாதிரி சுருண்டு இறங்கியது. நாற்காலியோடு சாய்ந்தவன் கத்தினான். அது மனுஷக் குரலாக இல்லை. முதல் கரண்டி ஆத்திரம் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை நேசகுமார் குனிந்து, நிதானமாக மொண்டான். கீழே கிடந்தவனின் வாயைப் பார்த்து ஊற்றினான்.

துர்கா அலறிக்கொண்டு ஓடினாள். ரசூல் பெஞ்சை உதைத்துத் தள்ளிவிட்டு வந்து, ஜெயப்பிரகாஷின் சட்டையை வெறும் கையால் கிழித்து எறிந்தான், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். அவன் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. நேசகுமார் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஜெயப்பிரகாஷின் வெந்த வாயிலிருந்து ஒரே சொல் வந்துகொண்டிருந்தது. "பாவா... பாவா ஊத்திட்டாரு..."

அதைக் கேட்ட ஏட்டு ராமநாதபுரத்துக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "எங்க பக்கம் பாவான்னா பள்ளிவாசல் ஆளுகதான்" என்றார். ரசூலின் கையைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க் கொப்புளம். ஜீப்பில் ஏற்றினார்.

பிரேமகுமாரி அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். தம்பி என்று நாக்கு மடங்கிக்கொண்டது.

ஜெயப்பிரகாஷைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வாய் திறக்க மாதக் கணக்கு ஆகும் என்றாள் கூடப் போன கவிதா. சந்தில் எல்லாக் கடைக்கும் ஷட்டர் இறங்கியது.

மூன்றாம் நாள் காலை, மூடிய கடைக்குள் பிரேமகுமாரி தனக்கு உலை வைத்திருந்தபோது, ரசூலின் மனைவி நிஷாத் பேகம் வந்தாள். அழவில்லை. "அக்கா, கூட்டம்னா யார் எங்க குந்தினாங்கன்னு நீங்க எழுதுவீங்களே. அந்த நோட்டு எங்க? மூட்டை இடுக்குலேர்ந்து எங்க வீட்டுக்காரர் எப்டி அடுப்பாண்ட வந்திருப்பாரு? நீங்க சொன்னா வுட்டுடுவாங்கக்கா. சொல்லாம போனா, அண்டாத் தண்ணிக் கதையும் நெசமாப் பூடும்."

அவள் போன கால் மணியில் நேசகுமார் பின்வாசலில் வந்து நின்றான். எல்லாம் கேட்டிருக்கிறான். மேசையிலிருந்து நோட்டை எடுத்தான், அந்தப் பக்கத்தைக் கிழித்தான், எரிகிற அடுப்பில் போட்டான்.

"துர்கா ஒண்ணும் பாக்கலன்னுட்டா. நீயும் பாக்கல."

"நான் பாத்தேன்டா."

அடுக்கியிருந்த இட்லித் தட்டில் ஒன்றை எடுத்து அவள் வாயிலேயே அடித்தான். உதடு பிளந்தது. தலைமுடியைப் பிடித்துக் கிரைண்டரில் மோதினான். "அந்தப் பல்லு யாருக்காகப் போச்சு? உன் சந்துக்காகத்தான போச்சு? நீயே என்னைப் புடிச்சுக் குடுப்பியா?"

அவள் கை தேடிப் பிடித்தது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை. தூக்கினாள். அவன் அவளை விட்டுவிட்டு நாலடி பின்னால் போய், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"தெரியுதில்ல," என்றாள் பிரேமகுமாரி. "மேல பட்டா இன்னா ஆவும்னு தெரிஞ்சுதான ரெண்டாவது தரம் மொண்ட."

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். அரக்கோணம் ரயிலுக்கு நேரமாகிவிட்டதுபோல் வேகமாக வெளியேறினான். அவள் பானையை இறக்கி வைத்தாள்.

ஸ்டேஷனுக்குப் போனாள். "கேஸ் எழுதியாச்சும்மா, ஆட்சேபணை இருந்தா எஸ்.பி.க்கு எழுதிப் போடுங்க" என்றார் ஏட்டு. திரும்பிவந்து எழுத உட்கார்ந்தாள். முதல் தாளில் உதட்டு ரத்தம் சொட்டியது. அதைத் தள்ளிவிட்டு வேறு தாள் எடுத்தாள். கிழிந்த பக்கம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆஜரானவர்கள் ஐந்து பேர் என்று தொடங்கி, மேசை, பெஞ்சு, நாற்காலி, முக்காலி என்று வரிசையாக எழுதினாள். கடைசியில் இப்படி:

"பாவா என்பது பெயர் அல்ல, மதமும் அல்ல. அது முறை. ஜெயப்பிரகாஷுக்கு அக்காள் கணவர் நேசகுமார். அவர் என் உடன்பிறந்த தம்பி. ரசூலின் கை வெந்தது காப்பாற்றப் போனதால். இரண்டு கரண்டியையும் நான் கண்ணால் பார்த்தேன். முக்காலியில் தம்பியை உட்கார வைத்ததும் நான்தான்."

கையெழுத்துப் போட்டு மடித்து உறையில் வைத்தாள். கோந்து இல்லை. பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி ஒட்டினாள்.

தபால் ஆபீசில் வரிசை இல்லை. "ஸ்பீட் போஸ்ட்டாம்மா?" என்ற குமாஸ்தா அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் உறையை எடை போட்டார். ஈரம் காயாத ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி, முத்திரை குத்திப் பைக்குள் போட்டார்.