செப்புப் பீப்பாய்க்குள் மல்லிகை வாசம்

1963 ஆகஸ்ட் 9, வெள்ளி. இந்த டைரியில் நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. திண்டுக்கல்லுக்குத் தெற்கே எங்கள் கம்பெனியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மல்லிகைப் பூவின் வாசம் 1958 ஏப்ரலில் நின்றுபோனதாக எழுதியிருந்தேன். நான் போகும் மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பொம்மையன் அதைப் படித்துவிட்டு, ஏப்ரல் இல்லை, மே மாதம், வைகாசியின் முதல் முகூர்த்தத்தன்று என்றான். அன்று அவன் அக்காளுக்குக் கல்யாணம். அவன் சொல்வதே சரியாக இருக்கும். மற்றவற்றையும் அவனிடம் கேட்டுச் சரிபார்த்து, முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் தோல் கம்பெனி பெரியது. ஆட்டுத்தோலைப் பதனிட்டுச் சீமைக்கு அனுப்புகிறது. தோல் ஊறிய தண்ணீர் வாய்க்காலில் ஓடி, சுற்றியுள்ள கிணறுகளை உப்புக் கரிக்க வைத்திருக்கிறது. 1956இல் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ரசாயனம் படித்த இருதயநாதனை அதிகாரியாக வைத்தது. அவர் முதலில் எழுதிக் கொடுத்தது வாய்க்கால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் திட்டம். அது ஒரு வருடம் மேசையில் கிடந்தது. பிறகு சீமையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் காரின் கதவைத் திறந்ததும் வாந்தியெடுத்து, அப்படியே திரும்பிப் போனார். மறுவாரமே ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கினார்கள், நாற்றத்தைப் போக்குவதற்கு மட்டும். "தண்ணியை எவன் சார் பாக்குறான்? நாத்தந்தான் வாசல்ல வந்து நிக்கிது" என்றார் மானேஜர் வேலுசாமி.

இருதயநாதன் ஓர் ஆள் உயரத்துக்குச் செப்புப் பீப்பாய் ஒன்று செய்து, ஆவாரம்பட்டைக் கரியால் நிரப்பி, காற்றை உள்ளிழுக்கும் விசிறியைப் பொருத்தினார். விசிறியை ஓடவிட்ட அன்று மதியத்துக்குள் கம்பெனியில் நாற்றம் இல்லை. தொழிலாளிகள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கும் வாசம் இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாய்க்காலுக்கு அப்பால் சண்முகவள்ளியின் தோட்டம். கணவன் இறந்த பிறகு அவள் தனியாகவே மல்லிகை போட்டு, இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வந்தாள். மல்லிகையை மொட்டாகத்தான் பறிப்பார்கள், மொட்டாகத்தான் விற்பார்கள். வாசம் வருவது சாயங்காலம், பூ விரியும்போது. அதனால் விசிறி ஓடிய மறுநாள் காலை நிலக்கோட்டைச் சந்தையில் அவளுடைய மொட்டு வழக்கமான விலைக்கே போனது. இரவு மதுரையில் பூ விரிந்தது. அடுத்த நாள் கமிஷன் கடைக்காரர் பொன்னுத்துரை அவளுடைய கூடையை இறக்கவிடவில்லை.

"ஏத்தா, பூ அனுப்புனியா, வெள்ளைத் துணியக் கிழிச்சு அனுப்புனியா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாலையக் கழத்தி என் ஆளு மூஞ்சில எறிஞ்சிருக்கான்."

"பூவு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி."

"நல்லாத்தான் இருக்கு. காகிதப்பூவுந்தான் நல்லா இருக்கு."

இரண்டு மாதம் கழித்துப் பீப்பாயைக் கழுவத் திறந்தபோது, தோல் நாற்றம் அடியில் தங்கியிருப்பதும், மல்லிகை வாசம் பாலில் ஆடை போல மேலே மிதப்பதும் தெரிந்தது. வேலுசாமி மேல்பக்கம் ஒரு குழாய் வைக்கச் சொன்னார். அதில் இறங்கிய வாசத்தைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். அந்த ஆண்டறிக்கையில் அது கம்பெனியின் புதிய கண்டுபிடிப்பு என்று அச்சானது. ஆராய்ச்சிக்கான தொகையும் இரட்டிப்பானது.

செய்தி கேட்டு சண்முகவள்ளி கம்பெனிக்கு வந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"காத்துல போனது யாருக்கும்மா சொந்தம்? பறந்துபோன காக்காயப் பிடிச்சவன்கிட்ட வந்து, எங் காக்காயக் குடுங்கிற" என்றார் வேலுசாமி.

"கண்ணி வச்சது நீங்கதானய்யா."

இருதயநாதன் குறுக்கிட்டு, விசிறியை நிறுத்தினால் வாசம் பூவுக்குத் திரும்பிவிடும், நாற்றமும் கூடவே திரும்பும் என்றார்.

"திரும்பட்டும் சார். நாத்தத்துல பொழச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். வாசமில்லாமப் பொழைக்க முடியல" என்றாள் அவள்.

வேலுசாமி சிரித்துவிட்டு, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் புட்டி விலையில் சலுகை உண்டு என்று சொல்லி அனுப்பினார். இருதயநாதன் பீப்பாயைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அந்த வருடம் கம்பெனி வீடு கிடைத்தது.

நாலு வருடம் அப்படியே நடந்தது. தோட்டக்காரர்கள் விடியலில் மொட்டைப் பறித்து, கம்பெனி வாசலில் வரிசையில் நின்று, தங்கள் பூவின் வாசத்தை வாங்கி, மொட்டின் மேல் தெளித்து நிலக்கோட்டைக்கு ஏற்றினார்கள். வெளியூர் ஆட்களும் இதை வந்து பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது. வருகிற வரும்படி புட்டிக்கே போனதால் சண்முகவள்ளி முதலில் பெரிய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள், பிறகு சின்னவளை. போன புரட்டாசியில் ஒரு நாள் மூவருமாக மண்வெட்டியோடு இறங்கி, செடிகளை வேரோடு வெட்டி வரப்பில் போட்டுக் கொளுத்தினார்கள். புகைக்கும் மணமில்லை. சோளம் விதைத்தாள். கரிப்புத் தண்ணீரில் அது முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. தைக்குள் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் செடியை வெட்டிவிட்டார்கள்.

இந்தக் கோடையிலிருந்து மேல் குழாயிலும் தோல் நாற்றமே இறங்குகிறது. முதலாளிகள் கூடிப் பேசி, ஆராய்ச்சியைக் கைவிடுவதில்லை என்று முடிவு செய்து, இன்னும் பெரிய பீப்பாய்க்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. இடம் பார்த்து வர என்னை நியமித்திருக்கிறார்கள். மோப்பம் நன்றாக உள்ளவன் என்று இருதயநாதன் சார்தான் என் பெயரைச் சொன்னாராம். அது சரிதானா என்று எனக்குச் சந்தேகம்.

நாளை: முதல் பஸ்ஸில் கொடைரோடு போய், அங்கிருந்து வாடகை சைக்கிளில் சுற்றி, எந்தெந்தத் தோட்டத்தில் பூ இன்னும் மணக்கிறது என்று குறித்து வர வேண்டும். மொட்டு விரிந்தால்தான் தெரியும். சாயங்காலம்வரை அங்கேயே இருக்க வேண்டும்.