தார் பூசிய வடம்

கிழக்கு வெளுக்கும்போதே குலசிங்கம் இரும்புத்தூணின் உச்சியில் இருந்தான். தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று இடுப்புச் சாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு கையால் ஏணியை அணைத்தபடி, மறு கையிலிருந்த கத்தியால் வடத்தின் மேல் படிந்திருந்த தாரைச் சுரண்டினான். உப்பும் வெயிலும் பட்டுத் தார் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. விரல் நுனிகள் எரிந்தன. கீழே கடல் சுழித்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

சுருவில் ஊருக்கு அப்பால் கடல் ஒடுங்கி நிலத்துக்குள் நுழையும் இடம் அது. அங்கே அணை கட்டி உப்புநீரை மறித்தால் தீவுக் கிணறுகள் இனிக்கும் என்று அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. அதற்குமுன், பெருக்கிலும் வற்றிலும் எவ்வளவு நீர் ஓடுகிறதென்று அளக்கவேண்டும். இரு கரையிலும் தூண் நாட்டி, இடையே உருக்கு வடம் இழுத்து, அதில் ஒரு பலகைப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். பெட்டிக்குள் ஒருவன் இருப்பான். அக்கரையில் தம்பையா சில்லை, அந்த இழுவைச் சக்கரத்தை, சுற்றுவான். பெட்டி கடலுக்கு மேலால் நகர்ந்து போய் நடுவில் நிற்கும். அங்கிருந்து ஓட்டத்தை அளக்கும் கருவியைத் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். கிணறு இனிக்கும் என்றால் எந்தத் தீவுக்காரன் வேண்டாமென்பான்? இந்த அளவை வேலையை அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எழுதிக் கொந்தராத்து எடுத்தவர் பரமலிங்கத்தார். அவருடைய வளவுக் கிணறு முன்பே இனிப்பு.

கிழமைக்கு ஒருமுறை வடத்தைச் சோதிப்பது குலசிங்கத்தின் பொறுப்பு. வெள்ளைத் துணியொன்றை வடத்தில் சுற்றி இழுத்துக்கொண்டு போவான். அறுந்த இழை இருந்தால் துணியில் கொளுவும். கொளுவாவிட்டால் அதே துணியை உயர்த்தி அக்கரைக்குக் காட்டுவான். அந்தக் காற்றில் தொண்டை கிழியக் கத்தினாலும் அக்கரைக்குக் கேளாது. துணியைக் கண்டால்தான் தம்பையா சில்லைச் சுற்றுவான்.

மாசியில் துணி கொளுவத் தொடங்கியது. “தாரைப் பூசி விடுங்கோ” என்றார் பரமலிங்கத்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வள்ளத்துக்குத் தார் பூசித்தானே கடலில் விடுகிறோம், இரும்புக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தார்கள். குலசிங்கமே தாரைக் காய்ச்சி மினுங்க மினுங்கப் பூசினான். அதன்பிறகு துணி வழுக்கிக்கொண்டு போயிற்று. எல்லோருக்கும் நிம்மதி. தாருக்குள் அகப்பட்ட உப்பு என்ன செய்கிறதென்று யார் கண்டார்கள்?

போன வெள்ளிக்கிழமை கண்டார்கள். பெட்டி கரையைவிட்டு நகர்ந்த சற்று நேரத்தில் வடத்துக்குள் படீரென்று ஒரு வெடிப்பு. பெட்டி உதறிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்தது. அதற்குள் இருந்த யாகப்பு கரையோரக் கற்களில் வந்து விழுந்தான். தொடையெலும்பு முறிந்து இப்போது ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். விழும்போது அவன் மாதாவைக் கூப்பிடவில்லை. “குலம்!” என்றுதான் கத்தினான். வடத்தைச் சோதித்தவனைத்தானே கூப்பிடுவான்? அந்தக் குரல் குலசிங்கத்தின் காதைவிட்டுப் போகவேயில்லை.

தார் பாளமாக உரிந்தது. துருப்பொடி பறந்து கண்ணில் விழுந்தது. உள்ளே இழைகள் முள்ளுமுள்ளாக அறுந்து கிடந்தன. அறாமல் இருந்த ஒன்றை நகத்தால் நெம்பினான். அது கையோடு வந்துவிட்டது. அவனை வீரன் என்று சொன்னால் அது பொய். ஏணிப்படியில் காலை வைக்க முடியாமல் கொஞ்ச நேரம் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

கீழே பரமலிங்கத்தாரின் ஒஸ்ரின் கார் வந்து நின்றது. அவரோடு ஒரு புது ஆளும் இறங்கினான். எழுவைதீவான், பெயர் இளையதம்பி. அன்றைக்குத்தான் முதல் வள்ளத்தில் வந்து சேர்ந்திருந்தான்.

“என்ன காணும், மேலை நிண்டு என்ன ஆராய்ச்சி?”

குலசிங்கம் இறங்கி வந்தான்.

“முதலாளி, வடம் உள்ளுக்கை செத்துப்போச்சு. ஆள் ஏற ஏலாது. புதுசு போடவேணும்.”

“புதுசு கப்பலிலை வரவேணும். அதுக்கிடையிலை மாரி வந்திடும். இந்தக் கிழமை அளவு குடுக்காட்டி கொந்தராத்து என்ரை கையை விட்டுப் போடும். அது தெரியுமோ உமக்கு?”

வடம் இருந்த இருப்பு பரமலிங்கத்தாருக்குத் தெரியாததல்ல. அவர் பேசியது முழுவதும் வடத்துக்கு நேர் கீழே நிற்காமல், நன்றாக விலகி நின்றுதான்.

“நான் ஏறமாட்டன், முதலாளி” என்றான் குலசிங்கம்.

“உம்மை ஆர் ஏறச் சொன்னது? இவன் ஏறுவான். நீர் துணியை மட்டும் காட்டும். உம்மடை வேலைக்கும் ஒண்டும் வராது.”

குலசிங்கத்துக்கு உடம்பு இலேசாயிற்று. ஏறத் தேவையில்லை! “வேலையும் வேணும், நீங்களும் வேணும்” என்று விடிய எழும்பித் தேத்தண்ணி ஊற்றித் தந்த மனைவி சறோஜினிதேவியின் முகம் நினைவில் வந்தது. இரண்டும் கிடைத்துவிட்டனவே. ஒரு துணியை உயர்த்த எவ்வளவு நேரம் போகும்?

அதற்குள் இளையதம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஏறிவிட்டான்.

“அண்ணை, எங்கை பிடிச்சால் விழமாட்டன்?” என்று கேட்டான்.

குலசிங்கம் அவனைப் பார்த்தான். கடலில் பிறந்து வளர்ந்தவனின் முகம். தன்னை முழுக்க நம்பிக் கேட்கிற முகம். சற்றுமுன் வந்த நிம்மதியை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

“இறங்கும் தம்பி. உதிலை பிடிக்க ஒரு இடமும் இல்லை. போன வெள்ளிக்கிழமை ஒருத்தன் விழுந்து கால் முறிஞ்சு கிடக்கிறான்.”

இளையதம்பி பரமலிங்கத்தாரிடம் திரும்பினான். “எனக்கு உது சொல்லேல்லையே, முதலாளி?”

“அவன் குடிச்சுப்போட்டு ஏறினவன்.”

“யாகப்பு குடிக்கிறேல்லை!” என்றான் குலசிங்கம்.

“வடம் நல்லதெண்டால், முதலாளி, நீங்கள் ஒருக்கா ஏறிக் காட்டுங்கோவன்” என்றான் இளையதம்பி. அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

“நான் ஏன் ஏற? நான் என்ன கூலிக்காரனே?”

சொல்லிவிட்டு, குலசிங்கத்தின் தோளில் கிடந்த துணியை வெடுக்கென்று பறித்து, அக்கரையைப் பார்த்து அவரே உயர்த்தி ஆட்டினார். இளையதம்பி இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தான். சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பெட்டி கரையைத் தாண்டிவிடும். குலசிங்கம் பாய்ந்து போய்ப் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். தலைக்கு மேலே வடம் முனகியது.

பெட்டி அசையவில்லை.

கண்ணைத் திறந்தபோது அக்கரையில் தம்பையா சில்லிலிருந்து கையை எடுத்திருந்தான். இங்கே துணி ஆடுவதையும், குலசிங்கம் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்பதையும் ஒருதரம் உற்றுப் பார்த்தான். பிறகு சில்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். பரமலிங்கத்தார் மாடு கலைப்பவர்போல் துணியை வீசு வீசென்று வீசினார். தம்பையா திரும்பவேயில்லை.

“மூண்டு பேருக்கும் இனி இஞ்சை வேலையில்லை! பொலிசோடை வாறன், நில்லுங்கோ!” துணியை எறிந்துவிட்டுப் போனார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது.

கார் போன பிறகுதான் பயம் முழுதாக வந்தது. இளையதம்பி பெட்டியிலிருந்து இறங்கினான். குலசிங்கம் மணலில் உட்கார்ந்தான். தம்பையா வள்ளத்தைக் கோலால் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து, பக்கத்தில் குந்தினான்.

“துணி ஆடினது. உன்ரை கை அதிலை இல்லை. பேந்து நான் ஏன் சுத்த?” என்றான்.

மூவரும் அந்த இடத்திலேயே பேசி முடிவெடுத்தார்கள். புது வடம் போடும்வரை ஒருவரும் ஏறுவதில்லை. யாகப்பு எழும்பி நடக்கும்வரை முதலாளியிடமிருந்து அவன் வீட்டுக்குக் கூலி போகவேண்டும். பரமலிங்கத்தார் வேறு ஆட்களைத் தேடிப் போவார் என்று தம்பையா சொன்னான்.

“எழுவைதீவிலையிருந்து ஒருத்தரும் வராயினம்” என்றான் இளையதம்பி. “பின்னேர வள்ளத்திலை போய் நான் சொல்லுறன். நெடுந்தீவிலை என்ரை மச்சான்மார் இருக்கினம். அங்கையும் சொல்லலாம்.”

தூரத்தில் கார்ச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு வாகனத்தின் சத்தமும் கேட்டது.

“ஆர் கதைக்கிறது?” என்று தம்பையா மெல்லக் கேட்டான்.

குலசிங்கம் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

“நான் கதைக்கிறன். எனக்குப் பயமாய்க் கிடக்கு. இடையிலை குரல் நிண்டு போனால், விட்ட இடத்திலையிருந்து நீங்கள் கதையுங்கோ.”

“ஓம்” என்று சொல்லிக்கொண்டு மற்ற இருவரும் எழுந்து அவனுக்கு இரு பக்கமும் வந்து நின்றார்கள்.