நபீசும்மா வீட்டுச் சாயா

நோயாளி வீட்டில் சாயா குடிக்கக் கூடாது. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையானவர்களைக் கவனிக்கும் பாலியேட்டிவ் ஜீப்பில் ஏறும் தன்னார்வலர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்து, வந்த வழியே இறங்கிவிட வேண்டும். உட்கார்ந்து குடித்துப் பழகினால் வசதி இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்கி உபசரிக்கத் தொடங்கும். வல்சலா அந்தச் சட்டத்தை ஒருமுறைகூட மீறியதில்லை. அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குச் சட்டத்தை மீறத் தெரியாது. தெரிந்திருந்தால் வாழ்க்கையில் பலதும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஜீப் மேட்டில் ஏறும்போது ஷார்ஜாவிலிருந்து மகள் ஷீபா கூப்பிட்டாள்.

"பெட்டி கட்டிட்டியாம்மா? ஞாயித்துக்கிழமை பிளைட்டு."

"ஜீப்ல இருக்கேன் மோளே."

"இன்னுமா? யாரோட உம்மாவையோ தூக்கினா இடுப்பு வலிக்காது, என் புள்ளையத் தூக்கினாதான் வலிக்கும் உனக்கு."

வளைவில் சிக்னல் அறுந்தது. வல்சலாவுக்கு அது பெரிய உபகாரம்.

ஷீபாவுக்கு இரண்டாவது பேறுகால லீவு முடிகிறது, கைக்குழந்தையைப் பார்க்க அம்மா வேண்டும். மூத்தது பிறந்தபோதும் வல்சலா போனாள், அதற்குக் காய்ச்சல் வந்தபோதும் போனாள். ஊர் சுத்திப் பாக்கலாம் வா என்றுதான் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார்கள். அவள் சுற்றிப் பார்த்தது சமையலறையும் லிஃப்டும். ஊரில் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள். புருஷன் சுதாகரன் இந்தத் தடவையும் "நீ போ, நான் எப்படியோ பாத்துக்கறேன்" என்றார். எப்படியோ என்றால் அவள் ஃப்ரிட்ஜ் நிறைய மீன்குழம்பு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம். மருமகன் பெயர் இந்தப் பேச்சு எதிலும் வருவதே இல்லை. குழந்தை அவனுக்கும்தான் பிறந்தது.

ஜீப்பிலும் அதே வேலைதான். துணி மாற்றுவது, துடைப்பது, தூக்குவது. ஆனால் இதற்கு வா என்று அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளாக ஏறினாள். அதில் இருந்த சுகம் அவ்வளவுதான், அதுவும் இல்லாமல் போகப் போகிறது.

மேட்டில் முதல் வீடு நபீசும்மாவுடையது. பக்கவாதத்தில் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்து நாலு வருஷம். வாய் மட்டும் விழவில்லை.

"வல்சலே, மூஞ்சி ஏன் செத்த மத்தி மாதிரி இருக்கு?"

"வயசாகுதும்மா."

"எனக்கு ஆகலியாக்கும்."

நர்ஸ் ஜின்சி ஒரு பக்கமும் வல்சலா ஒரு பக்கமுமாகப் புரட்டினார்கள். முதுகைத் துடைத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்து, கீழே இருந்த தண்ணீர்ப் பேசினை எடுக்கக் குனிந்த வல்சலாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. வலியால் மட்டும் வரவில்லை.

"ஸீனத்தே," என்று நபீசும்மா மருமகளைக் கூப்பிட்டாள். "இவளுக்கு ஒரு சாயா கொண்டா."

"குடிக்க மாட்டாங்க உம்மா, அவங்க சட்டம்."

"சட்டம் நிக்கறவளுக்கு. இவ உக்காந்துட்டா."

ஸீனத் கொண்டுவந்தாள். ஏலக்காய் போட்டு, தூள் தூக்கலாகக் கடுப்பம் கூடின சாயா. வல்சலா ஜின்சியைப் பார்த்தாள். ஜின்சி சன்னல் பக்கம் திரும்பி மருந்துப் பையை மிகவும் கவனமாக அடுக்கினாள். வல்சலா டம்ளரை வாங்கினாள். இன்னொருத்தி போட்டு, இவள் உட்கார்ந்திருக்க, கையில் கொடுத்த சாயா. கடைசியாக எப்போது குடித்தோம் என்று யோசித்தாள். நினைவு ஷீபா பிறந்த பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

போன் மறுபடி அடித்தது.

"என்னம்மா, கட் பண்ணிட்ட?"

"ஷீபா, நான் வரல."

"என்ன வரல?"

"ஞாயித்துக்கிழமை வரல. அதுக்கப்புறமும் இல்ல. அங்க குழந்தையப் பாத்துக்க ஆள் கிடைக்குமே, ரெண்டு பேரும் சேந்து தேடுங்க."

"நீ இப்ப என்ன பண்ணிட்டிருக்க?"

"சாயா குடிக்கறேன்."

மறுமுனையில் ஷீபா அழுதாள். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள், அது வல்சலாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு தடவை போனாள். இப்போது அழுகையைக் கேட்டுக்கொண்டே மிச்சத்தைக் குடித்தாள். ஜெயித்த மாதிரி எதுவும் இல்லை. தொண்டை சுட்டது.

ஜின்சி கைகொடுத்துத் தூக்கினாள். "வீட்ல விட்டுரட்டுமா சேச்சி?"

வீட்டில் சுதாகரன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்.

"வேண்டாம்," என்றாள் வல்சலா. "அடுத்த வீட்டுக்கும் உங்களோட வர்றேன். ஜீப்பிலயே உக்காந்திருக்கேன்."