எந்தப் பக்கம் திறக்கவில்லை?

திருட்டுப் படம் போடும் இணையதளத்தை முடக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தது. மூன்று தெருக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் அந்தச் சின்ன ஆபீஸின் முதலாளி, காலையிலேயே அதை முடக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். மத்தியானத்துக்குள் போன் அலற ஆரம்பித்தது.

போன் எடுப்பவள் முணுமுணு. வாய்க்குள்ளேயே பேசுவதால் வந்த பட்டப்பெயர்.

"நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா," என்றார் பேங்க் மேனேஜர்.

"எந்தப் பக்கம் சார் திறக்கல?"

"அது... பொதுவாம்மா."

அடுத்து டியூஷன் டீச்சர். பிள்ளைகள் பாடம் பார்க்க முடியவில்லையாம். எந்தப் பாடம் என்று கேட்டதும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இன்னொரு அம்மாள் சமையல் குறிப்பு வரவில்லை என்றார். "கிளைமாக்ஸ்ல நின்னுடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதடி!" என்று அவர் வீட்டுக்காரர் பின்னாலிருந்து கத்தியது தெளிவாகக் கேட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கிறது, ஆனால் வாய்விட்டுக் கத்த முடியவில்லை.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. முதலாளிக்குத் தலை வலித்தது. அந்த நேரம் பார்த்து டை கட்டிய ஒருவர் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

"இந்த மெஷினைப் போடுங்க சார். எந்த வீட்ல எதைப் பாக்குறாங்கன்னு அப்படியே திரையில வந்துடும். புகாருக்கும் அதுவே பதில் சொல்லிடும். போன் எடுக்க ஆளே வேணாம்."

முதலாளியின் பார்வை முணுமுணுவின் நாற்காலிக்குப் போய்த் திரும்பியது. அவள் அப்பாவோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலை இது. போனால் மறுபடி வீட்டுக்குள் அடைபட வேண்டியதுதான்.

போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு. ஜனங்க படுத்துற பாட்டை இவரும் கேக்கட்டும்," என்றார் முதலாளி.

"யம்மா, உங்க முதலாளியோட மாமனார் பேசுறேன். மாப்பிள்ளை பக்கத்துல இல்லையே?"

இல்லையென்று சொல்லச் சொல்லி முதலாளி கையை ஆட்டினார்.

"இல்லைங்கய்யா."

"நல்லதாப் போச்சு. நெட் சரியில்லம்மா."

முதலாளி வாயைப் பிளந்தார். 'சினிமாப் பைத்தியத்துக்கு என் பொண்ணு கிடையாது' என்று, பெண் கேட்டுப் போன அவரை முதல் தடவை வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதர் அல்லவா இவர்!

"எந்தப் பக்கங்கய்யா திறக்கல?"

"பக்திப் பாட்டும்மா."

முணுமுணு முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "கவலைப்படாதீங்கய்யா. வீட்டுக்கு ஆள் அனுப்புறேன். எல்லாரையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, எது திறக்கலையோ அதைத் தட்டிக் காட்டிடுங்க. உங்க மாப்பிள்ளையையே அனுப்பட்டுங்களா?" என்றாள்.

"வேணாம் வேணாம்! இப்பத்தான் பாத்தேன், நெட் பறக்குது!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. டை கட்டியவர் துள்ளினார். "பாத்தீங்களா சார்! நம்ம மெஷின் இருந்தா பெரியவர் என்ன பாத்தாருன்னு இப்பவே..."

"யோவ், வாயை மூடுய்யா! அது எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா, அப்புறம் நான் இந்த மேஜை மேலதான் படுக்கணும். முடக்கச் சொன்னாங்க, முடக்கிட்டேன். அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கவா சொன்னாங்க? பெட்டியத் தூக்கு!"

அவர் போனதும் முதலாளி முணுமுணுவிடம் திரும்பினார். "ஆள் அனுப்புறேன்னு சொன்னியே, அதை இனிமே எல்லார்கிட்டயும் சொல்லு."

சாயங்காலத்துக்குள் மூன்று தெருவிலும் நெட் பறந்தது. ஒரு ஒயரைக்கூட யாரும் தொடவில்லை.