திங்கட்கிழமை டேப்

இறந்துகிடந்த கணவர் ராயப்பனின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு ஞானசௌந்தரி நிமிர்ந்தபோது, அஷ்ரஃபுன்னிசா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ராயப்பன் கம்ப்யூட்டர் பார்த்துவந்த ரத்த வங்கியில் அவள் நர்ஸ்.

நெஞ்சுவலி என்று ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் ராயப்பன். இன்று விடிகிற நேரத்தில் போய்விட்டார்.

அஷ்ரஃபுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்னு காலையில கிளம்பினேன்க்கா. அதுக்குள்ள..."

"எங்கிட்ட சொல்லும்மா."

"நேத்து காலையில பெரிய கம்ப்யூட்டர் படுத்துருச்சு. ரத்தம் குடுக்கறவங்க பேரு, விலாசம் அத்தனையும் போச்சு. அந்த நேரம் பாத்து ஒரு பிரசவ கேஸு. ஓ நெகட்டிவ் வேணும். யாரைப் போய்த் தேடறது? அப்பதான் டேப் ஞாபகம் வந்துச்சு. தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அதுல தானா காப்பி எடுக்கற மாதிரி அண்ணன் செஞ்சு வெச்சிருந்தாரே. நாங்க டேப்பை மாத்திப் போடறதோட சரி. அவரு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு, அங்க முந்தாநாள் திங்கக்கிழமை வரைக்கும் எல்லாம் பதிஞ்சிருக்கு! கம்பெனி ஆளு வந்து அதை வேற டிஸ்க்குல ஏத்தினாரு. மத்தியானத்துக்குள்ள ஒருத்தர் கெடைச்சிட்டாரு."

"அந்தப் பொண்ணு?"

"நல்லாருக்கா. பொம்பளப் புள்ள."

"மாதாவே" என்றாள் ஞானசௌந்தரி.

மிசின் தானாக எடுப்பதற்கு முன்பெல்லாம் அந்தக் காப்பியைக் கையால் எடுத்து முடித்து அவர் வீடு சேர ராத்திரி ஒன்பதாகும். தொண்ணூற்று நாலில் ஒருநாள் ஆறு மணிக்கே வந்து நின்றார். இன்னா, சீக்கிரமா வந்துட்டீங்க என்று கேட்டதற்கு, "இனிமே மிசினே பாத்துக்கும்" என்றார். அன்றிலிருந்து கீரை ஆய்ந்துகொடுப்பார். இல்லாவிட்டால் பேசாமல் கூடவே உட்கார்ந்திருப்பார். முழுசாக இரண்டு வருஷம். அவள் அவரிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. குனிந்து, அவர் நெற்றியில் கையை வைத்தாள். எடுக்க மனம் வரவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்க வந்தார்கள். சொந்தக்காரர் மூன்று பேரோடு, நாலாவது மூலைக்குத் தெரியாத ஒருவர் வந்து நின்றார்.

"இவருதான்க்கா. வேம்புலி, திருமுல்லைவாயில். நேத்து ரத்தம் குடுத்தவரு" என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

"சேதி கேட்டேன். ஊட்ல இருக்க முடியலம்மா" என்றார் அவர்.

அவருடைய வலது முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது. அவர் குனிந்து பிடியைப் பற்றினார்.

"அண்ணே, அந்தக் கை வேணாம்" என்றாள் ஞானசௌந்தரி.

வேம்புலி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபக்கம் போய், அங்கிருந்தவரோடு இடம் மாற்றிக்கொண்டு, இடது கையால் பிடித்துக்கொண்டார்.