பதினேழாவது வரி

பதினேழாவது வரியை முஸ்தபா பாய் நான்காவது முறையாக அடித்தார். முதல் மூன்று முறையும் பென்சில். இந்த முறை பேனா. கோடு நேராக வரவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், அதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலைகீழாகத் தெரிந்த அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய வரிதான். ‘செக்கிங்’ என்று எழுதியிருந்தேன். பனியன் கம்பெனி முதலாளிக்குப் புரியும் சொல்லாக இருக்கட்டும் என்று யோசித்துப் போட்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், அவிநாசிபாளையம் தாண்டி வாங்கிய நிலத்தில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அந்த வரி எஸ்டிமேட்டில் இருந்தது. மூன்று மாடி, எட்டு கோடி. ஜெனரேட்டர், தீயணைப்பு மோட்டார், தீ எச்சரிக்கை மணி, லிஃப்ட், காற்று வெளியேற்றும் விசிறி, கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனி வந்து பொருத்திவிட்டுப் போகும். எல்லாம் முடிந்த பிறகு, பொருத்தியவர்களைச் சேராத ஒருவர் வந்து தனித்தனியாகவும் சேர்த்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோயமுத்தூரில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு லட்சம் போட்டேன். நூற்றுக்கு ஒன்றரை. “செய்யோணுமுங்க, கண்டிப்பாச் செய்யோணும்” என்றார் பாய். அன்று அவர் சொன்னது உண்மை. இன்று வரைக்கும் அது உண்மைதான் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

முதல் போர்வெல் வறண்டுபோய் இரண்டாவது போர்வெல் போட்டபோது பன்னிரண்டு எட்டானது. பக்கத்துத் தோட்டக்காரரோடு வாய்க்கால் தகராறு வந்து காம்பவுண்ட் சுவர் இரண்டடி உயர்ந்தபோது எட்டு நாலானது. வரவேற்பறைக்கு கிரானைட் வந்தபோது ஒன்றரை. அந்த வரியை யாரும் விரோதமாகப் பார்க்கவில்லை. அது கடைசியில் இருந்தது, அவ்வளவுதான் அதன் குற்றம். கடைசியில் வரும் வேலை கடைசிக் காசில்தான் நடக்க வேண்டும். கடைசிக் காசு என்ற ஒன்று எந்தக் கட்டடத்திலும் மிஞ்சி நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு, மாட்டி முடிந்த முன்பக்கக் கண்ணாடியின் பில்.

“ஃபாரின் பையர் கார்லருந்து எறங்குனா மொதல்ல என்ன பாப்பான் அந்தோணிண்ணா?” என்றான் பாயின் மகன் முபாஷிர். செல்போனில் அந்த நீலக் கண்ணாடியின் படத்தை எனக்குத் திருப்பிக் காட்டினான். “எலிவேஷனத்தான். உங்க பம்ப்பையா பாப்பான்?”

நான் பாயைப் பார்த்தேன்.

“அவங்கவங்க போட்டத அவங்கவங்களே ஓட்டிக் காட்டிட்டுத்தானுங்களே போறாங்க?” என்றார் அவர்.

“டெய்லரே தச்சு டெய்லரே செக் பண்ணா பேக்கிங்குக்கு விடுவீங்களா பாய்?”

பாய் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. என் கல்யாணத்துக்குச் சாத்தான்குளம் வரைக்கும் வந்து சிரித்த அதே சிரிப்பு. “பனியனும் பில்டிங்கும் ஒண்ணுங்களா அந்தோணி? பனியன் கப்பலேறிப் போயிருது. பில்டிங் எங்கீங்க போவுது? இங்கயேதான நிக்கும். ஏதாச்சும்னா பாத்துக்கலாமுங்க.”

பாய் மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, துஆ ஓதுதல், விருந்து. திங்கட்கிழமை பையரின் தணிக்கை. அன்றே இருநூற்று அறுபது பேர் பழைய யூனிட்டிலிருந்து இங்கே வந்து தைக்க உட்காருவார்கள். ‘கட்டடத்தின் எல்லாப் பாதுகாப்பு அமைப்புகளும் சோதித்துப் பார்க்கப்பட்டன’ என்று அந்தத் தாளில் ஒரு வரி. அதன் கீழே என் பெயர், என் பதவி, பராமரிப்புப் பொறுப்பாளர்.

கையெழுத்துப் போட்டேன்.

யாரும் வற்புறுத்தவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை போட்டிருக்க மாட்டேன். பத்தொன்பது வருடப் பழக்கம் பேனாவை நகர்த்திவிட்டது. அது நடந்தது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை முழுவதும் போனில் போனது. இரண்டாவது மாடியின் பின்பக்க மாடிப்படிக் கதவுக்குக் காந்தப் பூட்டு. பனியன் வெளியே போகாமல் இருக்க. கார்டு வைத்தால் திறக்கும். தீ மணி அடித்தால் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். அதற்கு மணியின் பெட்டியிலிருந்து பூட்டின் பெட்டிக்கு ஒரு ஒயர் போக வேண்டும். பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “ஒயரு எங்க ஸ்கோப்புல இல்லீங்க சார். மணிக்காரங்க குடுத்தா நாங்க வாங்கிக்குவோம்.” மணிக்காரரைக் கூப்பிட்டேன். “பூட்டுக்காரங்க கேட்டா நாங்க குடுத்துருவோமுங்க. கேக்கலீங்களே.” கேட்பது யார் வேலை என்று கேட்டேன். “அது நீங்கதான் சார் சொல்லோணும்.” இருபத்திரண்டு மீட்டர் ஒயர். யாருடைய கொட்டேஷனிலும் அது இல்லை. நானே இழுத்துவிடலாம் என்றால் இரண்டு பெட்டிக்கும் ரகசிய எண் அவர்களிடம் இருந்தது, தொட்டால் வாரண்ட்டி போய்விடும். சரி, கதவருகே அழுத்தித் திறக்கும் அவசரப் பொத்தானாவது இருக்கிறதா என்றால், “டெல்லியிலருந்து வந்துட்டிருக்குதுங்க சார்.” பதினேழாவது வரியில் வரவேண்டிய ஆள் முதல் ஒரு மணி நேரத்தில் இதைக் கண்டுபிடித்து எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்தியிருப்பார். அவர்தான் கண்ணாடியாக மாறி முன்பக்கம் பளபளத்துக்கொண்டிருக்கிறாரே.

சனிக்கிழமை காலை விஜயராணி வந்தாள். செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். கோவில்பட்டிப் பக்கம், இங்கே வந்து பன்னிரண்டு வருடம். செக்கிங் மேஜைகளை வெளிச்சம் பார்த்துப் போட, ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். மதியம் வரை மேஜைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. டீ குடிக்க இறங்க வேண்டிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் ஏறிய முன்பக்கப் படியில் அதற்குள் முபாஷிர் சிவப்புக் கம்பளம் விரித்து, செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது என்று அட்டை கட்டிவிட்டுப் போயிருந்தான். வேலைக்காரர்களுக்கு இனிப் பின்பக்கப் படிதான்.

“இந்தக் கதவு எப்பமும் பூட்டியேதான் கெடக்குமாண்ணே?”

“கார்டு வச்சா தொறக்கும்.”

“எங்களுக்குக் கார்டு உண்டா?”

“சூப்பர்வைசருக்கு மட்டும் வரும். இன்னும் வரல.”

“தீப்பிடிச்சா?”

“மணி அடிச்சா தானாத் தொறந்துக்கும்.”

விஜயராணி கதவை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் கழுத்திலிருந்து தொடங்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“தொறந்து பாத்தியளா?”

செக்கிங்கில் இருப்பவர்கள் கேட்பது இந்த ஒரே கேள்விதான். தையல்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் இதைத்தான் கேட்பார்கள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளப் படி வழியாகக் கீழே இறங்கிப்போய் மெயின் பேனலை ஆஃப் செய்தேன். மாடிகள் இருண்டன. பன்னிரண்டு விநாடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. மேலே வந்தேன். விஜயராணி இருட்டிலேயே கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்திருந்தாள். திறக்கவில்லை. பூட்டுக்கென்று தனி பேட்டரி, அது கரண்ட் போனதையே அறியவில்லை. தீ மணிப் பெட்டியின் கண்ணாடியைக் கட்டை விரலால் அழுத்தி உடைத்தேன். கட்டடம் முழுக்க ஊளையிட்டது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். விஜயராணி மறுபடி இழுத்தாள், காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு. கதவு சுவரின் ஒரு பகுதி போல நின்றது.

மணியை நிறுத்திவிட்டு வந்தபோது, அவள் ஏப்ரன் பையிலிருந்து ஆரோ ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு, சுண்டுவிரல் நகம் அளவு. ஒன்றை உரித்து, பூட்டைப் பார்த்து முனை இருக்கும்படி கதவில் ஒட்டினாள்.

யாரோ சிரித்தார்கள். வெள்ளகோவில் மயிலாள், செக்கிங்கில் மூத்தவள், “ஏனுங் சார், பில்டிங்குக்கு பீஸ் ரேட்டு எவ்வளவுங்க?” என்றாள். “மூணு மாடிக்கும் சேத்து ஒரே பீஸுன்னு கணக்குப் பண்ணிப்போடாதீங்க, ஆமா.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நான் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதோடு, கைக்கு வந்த ஒரு அட்டையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்குக் கட்டடம் தெரியாது. ஆனால் ஒன்றைத் திருப்பிப் பார்க்கவும் இழுத்துப் பார்க்கவும் தெரியும். சொன்னதை நம்பாமலிருக்கத் தெரியும். கரண்ட் போனால் எரிய வேண்டிய விளக்குகளின் கீழே நின்று எண்ணினார்கள். ஏழு விளக்கு நூறு எண்ணுவதற்குள் அணைந்தது. ஏழு அம்பு. தண்ணீர்க் குழாய் சுருட்டி வைத்த பெட்டியின் கதவு தூணில் இடித்துப் பாதிதான் திறந்தது. மயிலாள் கட்டிங் வேஸ்ட் துணி ஒன்றைக் கிழித்துச் சுவர் விசிறி முன்னால் பிடித்தாள். வெளியே இழுக்க வேண்டிய விசிறி. துணி அவள் முகத்தில் வந்து அப்பியது. “இது உள்ள ஊதுதுங்க சார்!” என்று கத்தினாள். மூன்று மாதமாகத் தினம் அந்த விசிறியைக் கடந்து போகிறேன்.

நாலரை மணிக்கு நாற்பத்தொரு அம்பு. விஜயராணி எண்ணிச் சொன்னாள். நான் கையை நீட்டினேன்.

“எனக்கு ஒண்ணு குடும்மா.”

“எதுக்குண்ணே?”

நீட்டிய கையை நான் எடுக்கவில்லை. அவள் ஒன்றை உரித்து என் விரல் நுனியில் வைத்தாள். கீழே அலுவலக அறைக்குப் போனேன். தணிக்கைக்கான ஃபைல் மேஜை மேல் தயாராக இருந்தது. அந்தத் தாளைத் தேடி எடுத்து, என் கையெழுத்தைப் பார்த்து முனை இருக்கும்படி ஒட்டினேன். பிறகு ஃபைலை மூடாமல் விட்டுவிட்டு மேலே வந்தேன்.

ஐந்து மணிக்கு விருந்துப் பாத்திரங்கள் வந்த வேனோடு முபாஷிரும் வந்தான். மாடி ஏறி வரும் வழியெல்லாம் அம்புகள் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“என்ன வெளையாட்டுண்ணா இது? நாளைக்கு எக்ஸ்போர்ட்டர் சங்கத்துக்காரங்கல்லாம் வர்றாங்க.” நேராகப் பின்பக்கக் கதவுக்குப் போய் அந்த முதல் அம்பை நகத்தால் நெம்பினான்.

“சின்ன மொதலாளி,” என்றாள் விஜயராணி. குரல் உயரவில்லை. “கொறை ஆல்ட்டர் ஆகாம ஆரோவை எடுக்கக் கூடாதுல்லா.”

முபாஷிரின் நகம் ஒரு கணம் நின்றது. அந்தச் சட்டத்தைப் போட்டது அவனுடைய அப்பா. ஐந்து வருடத்துக்கு முன்னால், கப்பல் தேதி நெருங்குகிறது என்று ஒரு லைன் சூப்பர்வைசர் இரவோடு இரவாக அம்புகளை உரித்துப் பேக்கிங்குக்கு அனுப்பினான். சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. பாய் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து ஒவ்வொரு பீஸாகப் புரட்டிப் பார்த்தார். அன்றைக்குச் சொன்னது, “ஒட்டுனவங்கதான் எடுக்கோணும். நானே வந்து சொன்னாலும் எடுக்கப்படாது.”

ஆனாலும் முபாஷிர் உரித்துவிட்டான். அது அவன் ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினான். கட்டை விரலால் தள்ளினான், கட்டை விரலுக்கு மாறியது. மறு கையால் எடுத்தான், அந்தக் கைக்குப் போனது. பெண்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவு திறப்பதற்காக நின்றார்கள்.

அப்போதுதான் பாய் வந்தார். முன்பக்கப் படியில், தான் வாங்கிய கம்பளத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்திருந்தார். மறு கையில் ஃபைல், திறந்தபடியே. அந்தத் தாளில் அவருடைய பெருவிரல் இருந்தது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்ல இருந்ததெல்லாம் வியாழக்கிழமையே சொல்லியாகிவிட்டது.

செருப்பைக் கீழே வைத்தார்.

“மணிய அடிங்க அந்தோணி.”

அடித்தேன். ஊளை மறுபடி எழுந்தது. கீழே பாத்திரம் இறக்கியவர்கள் கத்துவது கேட்டது. பாய் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பிறகு ஃபைலை மயிலாளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். அறுபத்திரண்டு வயது. கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது முறை இழுத்துவிட்டு, நெற்றியைக் கதவில் சாய்த்து நின்றார். நான் மணியை நிறுத்தினேன்.

முபாஷிரின் சட்டைப் பையில் கார்டு இருந்தது. வெளிர்நீலத் துணி வழியே அது எல்லோருக்கும் தெரிந்தது. அவன் கை அங்கே போகவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து வைத்திருந்தான், மருதாணி காயாதவன் போல.

பாய் திரும்பி மகனின் கையைப் பிடித்தார். அந்தச் சிவப்பு அம்பைத் தன் விரலுக்கு எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விஜயராணியைப் பார்த்தார். அவள் கதவைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அவர் விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். கதவுக்கு உள்ளே, ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தோம்.